க்ரைம் நாவல் போட்டுத் தருகிறோம் என்று 62,000 ரூபாய் வாங்கினார்கள், கடைசி அத்தியாயமே இல்லை

நேற்று சாயங்காலம்தான் பார்சல் வந்தது, கை இன்னும் நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தரும் ஒரு இணையப் பதிப்பகத்திடம் 62,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புத்தகம் போட நினைப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

என் நாவல் ஒரு மலையடிவார நலவாழ்வு மையத்தில் நடக்கும் கொலையைப் பற்றியது. மாத்திரையை விடச்சொல்லி, ஒரு நிலை முடிந்தால் அடுத்த நிலை என்று பணம் கட்டவைக்கும் குருஜி. இதற்காக அமெரிக்காவின் நெக்சியம் வழக்கைத் தேடித் தேடிப் படித்தேன். சுயமுன்னேற்றப் பயிற்சி என்ற பெயரில் ஆட்களை அடிமையாக்கிய அதன் தலைவன் கீத் ரனியரிக்கு 2020இல் 120 வருடச் சிறை கொடுத்தார்கள். நம் நாட்டிலேயே சர்க்கரை நோயைக் குணமாக்குவோம் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம், என் இன்ஸ்பெக்டர் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டு வேலை முடித்து, மூன்று வருடம் ராத்திரியில் எழுதியது.

முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பியதும் அந்தப் பதிப்பகத்தின் எடிட்டர் தம்பி போன் செய்தார். "அக்கா, கமலா தன்னோட இன்சுலின் பேனாவைக் காணிக்கைத் தட்டுல வைக்கிறாங்களே, அந்த இடத்துல என்னால மேல படிக்க முடியல, எழுந்து வெளியில போயிட்டேன்" என்றார். என் வீட்டில்கூட யாரும் அதைப் படித்ததில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன், அன்றைக்கே 25,000 அனுப்பினேன். அந்தக் காட்சி மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. அதற்கப்புறம் ஒரு வரிகூட அவர் படிக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது.

பிறகு எழுத்துப்பிழை திருத்தி மெய்ப்பு பார்க்க 12,000, ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணுக்கு 5,000, சென்னைப் புத்தகக் கண்காட்சியில் ஸ்டாலில் வைக்க 20,000. ஒவ்வொன்றுக்கும் "இது மட்டும்தான் அக்கா, இனிமே ஒண்ணும் இல்ல." என் குருஜியும் இதையேதான் சொல்வான், நானே எழுதிய வசனம் அது, அப்படியும் கொடுத்தேன்.

கண்காட்சிக்காக சேலத்திலிருந்து நந்தனம் மைதானத்துக்குப் போனேன். அவர்கள் சொன்ன ஸ்டாலில் என் புத்தகம் இல்லை, அங்கிருந்த பையனுக்கு என் பெயரும் தெரியவில்லை. கேட்டால் "லாரி லேட்." நேற்று வந்த பார்சலில் 300 பிரதிக்குப் பதிலாக 20. பதினோராம் அத்தியாயம் இரண்டு முறை அச்சாகியிருக்கிறது, கொலைகாரன் யார் என்று தெரியவரும் கடைசி ஒன்பது பக்கம் இல்லவே இல்லை. க்ரைம் நாவலில்!

போன் செய்தேன். இப்போது நான் அக்கா இல்லை, மேடம். "ஃபைல் நீங்க அனுப்பினதுதான் மேடம்." அப்புறம் "பிரிண்டிங் செக்ஷன் லீவு மேடம்." மூன்றாவது தடவை, "வாசகர்களே முடிவை யோசிச்சுக்கட்டுமே மேடம், அதுவும் ஒரு ஸ்டைல்தான்." அதற்கப்புறம் எடுக்கவே இல்லை, வாட்ஸ்அப்பில் பிளாக். 62,000 ரூபாய்!

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. இதையாவது பாருங்கள். ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம், எழுதியவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம், அதற்குக் காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அச்சுக்குப் போகும் பி.டி.எஃப்.பைக் கடைசிப் பக்கம் வரை பார்க்காமல் மீதிப் பணம் தராதீர்கள். எத்தனை பிரதி, எந்தத் தேதி என்பதைக் கையெழுத்தோடு வாங்குங்கள், என்னிடம் இருப்பது வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும். நுகர்வோர் உதவி எண் 1915, காலையில் கூப்பிட்டுப் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி யாராவது ஏமாந்திருந்தால் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.