ஸ்பெயின் கிராமங்களுக்குச் சைக்கிளில் போக மூன்று வழிகள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

ஸ்பெயினின் உள்நாட்டைச் சைக்கிளில் பார்க்க நினைப்பவருக்கு மூன்று பெரிய வழிகள் இருக்கின்றன. வடக்கே பிரான்ஸ் எல்லையிலிருந்து மேற்கே கிறிஸ்தவப் புனிதத் தலமான சாந்தியாகோ வரை போகும் காமினோ ஃபிரான்செஸ் என்ற யாத்திரைப் பாதை ஒன்று. தெற்கே செவில்லாவில் தொடங்கி வடக்கே ஏறும் வியா தெ லா பிளாத்தா இன்னொன்று. மூன்றாவது, பழைய ரயில் தடங்களைச் சைக்கிள் பாதையாக மாற்றிய வியா வெர்தேகள், அதாவது பசுமை வழிகள். தூரம், ஏற்றம், செலவு என்று எதை வைத்தும் இவற்றை ஒப்பிடலாம். நான் முதலில் பார்ப்பது வேறு: இந்தப் பாதை என்னை ஊருக்குள் கொண்டுபோய் விடுமா, ஊருக்கு வெளியே சுற்றிக்கொண்டு போய்விடுமா?

அந்தக் கணக்கில் காமினோவை அடிக்க ஆள் இல்லை. அங்கே பல கிராமங்கள் பாதைக்காகவே பிறந்தவை. ஊரின் ஒரே பெரிய தெருதான் யாத்திரைப் பாதை. இரண்டு பக்கமும் கல்வீடுகள், நடுவில் கோயில், தெருக்கோடியில் பாலம். புவெந்தே லா ரெய்னாவில் யாத்திரிகர்கள் ஆற்றைக் கடக்க 11ஆம் நூற்றாண்டில் கட்டிய கல்பாலத்தின் மேல் இன்றும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். பாதை தொடங்கும் பிரான்ஸ் எல்லை ஊரான சான் ஜான் பியே தெ போர்ட்டிலிருந்து சாந்தியாகோ வரை ஏறக்குறைய 780 கி.மீ. நாளுக்கு 60 கி.மீ. போனால் இரண்டு வாரம். வழியில் புர்கோஸ், லெயோன் பேராலயங்கள், ஃப்ரோமிஸ்தாவில் ரோமனெஸ்க் என்ற இடைக்காலக் கட்டடப் பாணியில் அமைந்த கோயில் என்று பார்க்கத் தீராது. ஃப்ரோமிஸ்தாவில் 18ஆம் நூற்றாண்டில் வெட்டத் தொடங்கிய காஸ்தியா கால்வாய் குறுக்கிடும். நேரமிருந்தால் அரை நாள் அதன் கரையோரம் திரும்பி ஓட்டுங்கள். மேடுபள்ளம் இல்லாத, மரநிழல் உள்ள பாதை அது.

சிக்கல் கூட்டம்தான். 2024இல் சாந்தியாகோவுக்கு வரும் எல்லாப் பாதைகளிலும் சேர்த்து ஏறக்குறைய 5 லட்சம் பேர் யாத்திரைச் சான்றிதழ் வாங்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நடந்து வந்தவர்கள். காமினோ ஃபிரான்செஸில் சாரியாவைத் தாண்டிய கடைசி நூற்றுச் சொச்சம் கி.மீ. நெரிசல் மிகுந்தது. நடப்பவருக்கு வழிவிட வேண்டியது சைக்கிள்காரரின் கடமை என்பதால் மணியடித்து, நின்று, மன்னிப்புக் கேட்டு நகர்வதிலேயே காலை போய்விடும். அல்பெர்கே எனப்படும் பொது யாத்திரிகர் விடுதிகள் பலவற்றில் நடந்து வந்தவருக்குத்தான் முதலிடம். சைக்கிளில் வந்தவர் மாலைவரை காத்திருக்க வேண்டும். சான்றிதழுக்கு நடப்பவர் 100 கி.மீ. வந்தால் போதும், சைக்கிளில் வருபவர் கடைசி 200 கி.மீ. ஓட்டியிருக்க வேண்டும். அதனால் நாள் குறைவாக உள்ளவர்கள் போன்ஃபெர்ராதாவில் தொடங்குவது வழக்கம்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். குருஸ் தெ ஃபெர்ரோ என்ற இரும்புச் சிலுவை நிற்கும் இடம் சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கிருந்து எல் அசேபோ வழியாக மொலினசேகாவுக்கு இறங்கும் சரிவு மிகச் செங்குத்து. எல் அசேபோவைத் தாண்டியதும் அங்கே இறந்துபோன ஒரு சைக்கிள் யாத்திரிகருக்கு இரும்பில் செய்த சைக்கிள் நினைவுச்சின்னம் நிற்கிறது. கல்பாதையை நடப்பவர்களுக்கு விட்டுவிட்டுத் தார்ச்சாலையில் இறங்குங்கள். அதிலும் பிரேக் சூடேறும், நின்று நின்று போங்கள்.

பசுமை வழிகள் இதற்கு நேர்மாறு. 1993இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் இன்று 3,000 கி.மீ.க்கு மேல் பாதை இருக்கிறது. ரயில் ஏறிய தடம் என்பதால் ஏற்றம் பெரும்பாலும் மூன்று சதவீதத்துக்குள் அடங்கும். கார் கிடையாது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் சைக்கிளை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அந்தலூசியாவில் ஹயேனிலிருந்து புவெந்தே ஹெனில் வரை 128 கி.மீ. நீளும் எண்ணெய்ப் பாதையில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒலிவ மரங்கள்தான். ஒருகாலத்தில் ஒலிவ எண்ணெயை ஏற்றிப்போன ரயிலின் இரும்புப் பாலங்கள் மேல் இப்போது நாம் ஓட்டிப் போகலாம். பழைய நிலையங்கள் சில உணவகமாகிவிட்டன. புவெர்த்தோ செர்ரானோவிலிருந்து ஒல்வேரா வரை போகும் 36 கி.மீ. மலைப்பாதையில் 30 சுரங்கங்கள். தண்டவாளத்துக்காகக் குடைந்த அந்தத் தடத்தில் ஒரு ரயில்கூட ஓடியதில்லை! நடுவில் சாஃபிரமகோன் பாறையில் கூடுகட்டும் பிணந்தின்னிக் கழுகுகள் தலைக்கு மேல் வட்டமிடும். சுரங்கங்களுக்கு முன்விளக்கு கட்டாயம் வேண்டும்.

ஆனால் ஊர்? ரயிலுக்குச் சமதளம் வேண்டும், பழைய ஊர்களோ பாதுகாப்புக்காகக் குன்றின் மேல் கட்டியவை. ஆகவே பாதை கீழே, ஊர் மேலே. பாறை உச்சியில் கோட்டையோடு நிற்கும் சுவேரோஸ் என்ற வெள்ளைக் கிராமத்தைக் கீழிருந்து படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அப்படிச் செய்யாதீர்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டாவது ஏறிப் போய் அங்கே ஓர் இரவு தங்குங்கள். இன்னொரு குறை, இவை துண்டுதுண்டானவை. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்வரை சாலையில்தான் போயாக வேண்டும்.

வியா தெ லா பிளாத்தாவில் மனிதர்களைவிட மரங்களும் மாடுகளும் அதிகம். பெயரில் உள்ள பிளாத்தாவுக்கு ஸ்பானிய மொழியில் வெள்ளி என்று பொருள், ஆனால் அந்தப் பெயர் கல் பாவிய வழியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பரவலான கருத்து. பாதையின் அடித்தளம் ரோமானியருடையது. கி.மு. 25இல் நிறுவப்பட்ட மெரிதாவில் குவாதியானா ஆற்றின் மேல் கிட்டத்தட்ட 800 மீட்டர் நீள ரோமானியப் பாலம் நிற்கிறது. கபர்ராவில் நான்கு கால்களில் நிற்கும் வளைவுக்கு அடியில் ரோமானியச் சாலை போன அதே தடத்தில் நம் பாதையும் போகிறது. இடையிடையே மைல்கற்கள் வயலோரம் கிடக்கும். கருவாலி மரங்கள் பரந்த தெஹேசா மேய்ச்சல் நிலத்தில் பன்றிகள் இலையுதிர் காலத்தில் அதன் கொட்டைகளைத் தின்று கொழுக்கின்றன. வேலிக் கதவுகளைத் திறந்து போனால் மறக்காமல் சாத்திவிட்டுப் போக வேண்டும்.

இங்கே ஊருக்கும் ஊருக்கும் இடையே தூரம் அதிகம். கார்க்கபோசோவிலிருந்து அல்தெயாநுவேவா வரை கிட்டத்தட்ட 38 கி.மீ.க்கு ஒரு கிராமமும் கிடையாது; தண்ணீரை முன்பே நிரப்பிக்கொள்ள வேண்டும். கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும், அப்போது இந்தப் பக்கமே வரவேண்டாம். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்ல மாதங்கள். மழைக்குப் பிறகு மண்பாதை சேறாகிவிட்டால் பக்கத்திலேயே என்-630 சாலை இருக்கிறது. புதிய அதிவேகச் சாலை வந்தபின் வண்டிகள் அங்கே போய்விட்டதால் பழைய சாலை பல இடங்களில் வெறிச்சோடிக் கிடக்கிறது, சைக்கிளுக்கு மிக நல்லது.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று: கிராமக் கடைகள் மதியம் 2 மணி வாக்கில் அடைத்தால் 5 மணிக்குத்தான் திறக்கும், ஞாயிறு பெரும்பாலும் திறக்காது. இரவுச் சாப்பாடு 9 மணி வாக்கில். சைவம் சாப்பிடுகிறவர்கள் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பன்றித்தொடையோ சூரை மீனோ வந்து நிற்கலாம். இரண்டையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். முட்டை சாப்பிடுவீர்களானால் தொர்த்தியா என்ற உருளைக்கிழங்கு முட்டை அடை எங்கும் கிடைக்கும்.

எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிளாத்தாதான். காமினோவில் ஒரு கிராமம் நம்மைத் தினம் வரும் ஆயிரம் பேரில் ஒருவராகப் பார்க்கிறது, அது அதன் தவறல்ல. பிளாத்தாவில் ஆள் குறைந்துகொண்டே வரும் ஊர்களில் அன்று இரவு தங்கும் ஒரே வெளியூர்க்காரர் நாமாக இருக்கலாம். அந்த ஊரின் ஒரே பாரில் நாம் சாப்பிடும் சாப்பாடு அதைத் திறந்து வைத்திருக்க உதவுகிறது. இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை.

முழுத் தூரமும் முடியாதென்றால் மெரிதாவில் தொடங்கிக் கசேரஸ் வழியாகச் சலமங்கா வரை, சுமார் 300 கி.மீ., ஒரு வாரம் போதும். பழைய யூதர் தெருக்கள் உள்ள எர்வாஸுக்குத் திரும்பினால், 1985 தொடக்கத்தில் பயணிகள் ரயில் நின்றுபோன தடம் இப்போது பசுமை வழியாகி மலையேற உதவுகிறது. அதில் போனால் வரும் பான்யோஸ் தெ மோந்தேமயோரில் ரோமானியர் குளித்த வெந்நீர் ஊற்று இன்னும் குளியலுக்குத் திறந்திருக்கிறது. அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.