36 காசு கேஷ்பேக்: வீட்டுக் கட்டணங்களைக் காட்டி அட்டை விற்பவர்களிடம் எச்சரிக்கை

வீட்டுக் கட்டணங்களைச் செலுத்தினாலே மாதம் நாற்பது, ஐம்பது வெள்ளி திரும்பக் கிடைக்கும் என்று யாராவது கடன்பற்று அட்டையை நீட்டினால், விண்ணப்பிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு முதல் மாதம் கிடைத்த கேஷ்பேக் 36 காசு. எழுத்துப் பிழை இல்லை, முப்பத்தாறு காசுதான்.

விற்றவர் நம்மவர். சிங்கப்பூரின் வடக்கு வட்டாரத்தில் ஓர் எம்ஆர்டி ரயில் நிலையத்தை ஒட்டிக் கூடாரம் போட்டிருந்தார்கள். பின்னால் விண்ணப்பிப்பவர்களுக்கான இலவசப் பயணப்பெட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. என் கணவரிடம் ஆங்கிலத்தில் ஆரம்பித்த இளைஞர், நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். "அக்கா, மின்சாரம், தண்ணீர், நகர மன்றம், காப்புறுதி, தொலைபேசி, எல்லாவற்றையும் இதிலேயே கட்டுங்கள். ஐந்து விழுக்காடு திரும்ப வரும். எப்படியும் கட்டப்போகிற பணம்தானே?" காப்புறுதிக்கும் உண்டா என்று நான் தனியாகவே கேட்டேன். "எல்லாவற்றுக்கும் உண்டு, அக்கா" என்றார்.

அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக வருமான விவரம்வரை தானாக நிரம்பிவிட்டது. விதிமுறைப் பக்கம் வந்தபோது, திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு கட்டைவிரலால் ஒரே தள்ளில் அடிவரை ஓடவிட்டார். 'ஏற்கிறேன்' என்ற கட்டம் வந்த பிறகுதான் திரை என் பக்கம் திரும்பியது. அந்தக் கட்டைவிரலை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் மாதக் கணக்கு இதுதான்: மின்சாரமும் தண்ணீரும் 210 வெள்ளி, நகர மன்றம் 85, தொலைபேசியும் இணையமும் 120, காப்புறுதி 480. மொத்தம் 895. ஐந்து விழுக்காடு கிடைக்க மாதக் குறைந்தபட்சச் செலவு 800 வெள்ளி என்று சொன்னதால், வேறு எதுவும் வாங்காமலே வரம்பைத் தாண்டிவிடுகிறோம். 44 வெள்ளி 75 காசு வந்திருக்க வேண்டும். அறிக்கை வந்ததும் வங்கியை அழைத்தேன். நெடுநேரம் இசை கேட்ட பிறகு ஓர் அதிகாரி கிடைத்தார். பாவம், அவர் பொறுமைசாலி. ஒவ்வொரு கட்டணத்துக்கும் எதிரே உள்ள நான்கு இலக்க எண்ணை வாசித்துக் காட்டினார். கட்டணம் பெறும் நிறுவனம் எந்த வகை வணிகம் என்பதைக் குறிக்கும் எண் அது: மின்சாரம், எரிவாயு, தண்ணீருக்கு 4900, காப்புறுதிக்கு 6300. இரண்டுமே கேஷ்பேக் கிடையாத செலவுகளின் விலக்குப் பட்டியலில் இருந்தன. நகர மன்றமும் அப்படியே. தேறியது தொலைபேசியின் 120 வெள்ளி மட்டும். விலக்கப்பட்ட தொகை குறைந்தபட்சச் செலவிலும் சேராது என்பதால் 800 எட்டவில்லை, எட்டாவிட்டால் 0.3 விழுக்காடு. கணக்குப் போட்டுப் பாருங்கள், 36 காசுதான் வரும்.

இது அந்த ஒரு வங்கியின் வழக்கமும் அல்ல. கடைக்காரர் அட்டைக்காகச் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்குதான் நமக்குக் கேஷ்பேக்காக வருகிறது. பொதுப் பயனீடு, காப்புறுதி, அரசாங்கக் கட்டணங்கள் போன்றவற்றில் அந்தப் பங்கு மெலிந்தது. அதனால் இங்குள்ள பல அட்டைகள் இவற்றை ஒதுக்கிவிடுகின்றன. கட்டணங்கள் செலுத்துவதற்கான ஏஎக்ஸ்எஸ் இயந்திரம் வழியாகக் கட்டுவதையும் பல வங்கிகள் கணக்கில் எடுப்பதில்லை. ஒதுக்கட்டும், அது அவர்கள் வணிகம். ஒதுக்கியதையே காட்டி அட்டையை விற்பதற்கு என்ன பெயர்?

மளிகைச் செலவை அட்டைக்கு மாற்றினால் 800 வந்துவிடும் என்று அந்த அதிகாரி யோசனை சொன்னார். மாற்றினோம். அடுத்த மாதம் கணக்கில் சேரும் அட்டைச் செலவு 812 வெள்ளி ஆனது. ஆனால் 30ஆம் தேதி பேரங்காடியில் கொடுத்த 74 வெள்ளி, கணக்கில் பதிவானது 2ஆம் தேதி. வாங்கிய நாள் அல்ல, பதிவான நாளே செல்லும் என்ற விதியை அவரும் சொல்லவில்லை. 738 வெள்ளிக்கு 2 வெள்ளி 21 காசு கிடைத்தது.

எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். பதில் வழவழவென்று இருந்தது. கூடாரத்தில் நின்றவர் ஒப்பந்த நிறுவன ஊழியராம். அவர் "பொதுவான தகவல்" தந்தாராம். விதிமுறைகளை நான் ஏற்றுக்கொண்டேனாம். நல்லெண்ண அடிப்படையில் 40 வெள்ளி தருகிறார்களாம். கூடவே ஒரு நினைவூட்டல்: ஓராண்டுக்குள் அட்டையை ரத்துசெய்தால் பயணப்பெட்டியின் விலையைத் திரும்பப் பெறுவார்கள். ரத்துசெய்யாமல் வைத்திருந்தாலோ, கட்டண விலக்குக் காலம் முடிந்ததும் ஆண்டுக் கட்டணம் பொருள் சேவை வரியுடன் 196 வெள்ளி 20 காசு. நல்லெண்ணத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

40 வெள்ளியை நான் ஏற்கவில்லை. வங்கியின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் ஃபிட்ரெக் எனப்படும் நிதித்துறைத் தகராறு தீர்வு நிலையத்துக்குப் போகலாம். முதற்கட்டச் சமரசப் பேச்சுக்குப் பயனீட்டாளர் கட்டணம் செலுத்தத் தேவையில்லை. படிவத்தை அனுப்பிவிட்டேன்.

இந்த மாதிரிக் கூடாரத்தில் நிற்க நேர்ந்தால், திரையை உங்கள் கையில் வாங்கி விலக்குப் பட்டியலைத் தேடுங்கள். வாயால் சொன்னதை அங்கேயே குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள்; அனுப்பத் தயங்கினால் அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் விளம்பரத் தாளைத் தூக்கி எறிய வேண்டாம். எங்களுடையதில் "வீட்டுக் கட்டணங்கள்" என்பதைச் சுற்றி அந்த இளைஞரே பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார். புகாருடன் முதல் இணைப்பாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.