வேலூர்ல பழைய டிஜிட்டல் கேமரா வாங்கப் போறீங்களா? 4,200 ரூபாய் ஏமாந்தவ சொல்றேன், படிச்சிட்டுப் போங்க

4,200 ரூபாய். போன மாசம் நாலு ஞாயித்துக்கிழமையும் ஓ.டி. பாத்து சேத்த காசு. ராணிப்பேட்டையில ஷூ கம்பெனில அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகம், தைக்கிறேன். அந்தக் காசு மூணே நாள்ல போச்சு.

எதுக்கு பழைய கேமரான்னு கேப்பீங்க. என் போன்ல எடுத்தா எங்கம்மா முகத்துல இருக்குற சுருக்கத்தையெல்லாம் அதுவே வழிச்சு எடுத்துடுது. அது எங்கம்மா மாதிரியே இல்ல. போன வருஷம் போன் செத்துப்போனப்ப அதுல இருந்த அத்தனை போட்டோவும் கூடவே போச்சு. அதான் கைக்கு அடக்கமா, தினம் பையில போட்டுக்கிட்டுப் போற மாதிரி சின்ன கேமரா ஒண்ணு வேணும்னு நெனச்சேன்.

கடை வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட, செகண்ட் ஹேண்ட் எலக்ட்ரானிக் சாமான் விக்கிற சின்னக் கடை. கடை பேரை இங்க போடல. கடையில இருந்தவர் காட்டுனது கேனான் பவர்ஷாட் ஏ590. 2008-ல வந்த மாடல், 8 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், சாதாரண டபுள் ஏ பேட்டரி ரெண்டு போட்டா போதும். கண்ண வெச்சுப் பாக்குற ஓட்டையும் இருக்கு. கேமரா மேல நான் குறை சொல்லல, நல்ல மாடல்தான். எனக்கு வித்தவர் மேலதான் கோவம்.

என் பொண்ணை வாசல்ல நிக்க வெச்சு அவரே ஒரு போட்டோ எடுத்தாரு. எடுத்து, திரையை சட்டை நுனியால தொடச்சு என் கையில குடுத்தாரு. புள்ள சிரிச்ச மூஞ்சி பளிச்சுனு இருந்துச்சு. அங்கதான் நான் விழுந்தேன். பில் கேட்டதுக்கு, "இன்னாக்கா, நம்பிக்கை இல்லியா? ஒரு மாசம் வாரண்டி, கடை எங்கியும் ஓடிடாது"ன்னு ஒரு துண்டுச் சீட்டுல தேதி மட்டும் எழுதிக் குடுத்தாரு. போன்ல காசு அனுப்பும்போது வேற யாரோ பேர் வந்துச்சு. கேட்டேன். "மச்சான் நம்பர்"னாரு. அனுப்பிட்டேன்.

அன்னிக்கே கோட்டைக்குப் போய் அகழி ஓரமா பத்து போட்டோ எடுத்தோம். திங்கக்கிழமை ஸ்டுடியோவுல ஆறு பிரிண்ட் போட்டேன். ஆறுலயும் வானத்துல, அதே வலது மூலையில, சாம்பல் கலர்ல ஒரு தீத்தல். கேமராவோட 2.5 இஞ்ச் திரையில அது தெரியவே இல்ல. சரி, அம்மாவை வீட்டுக்குள்ளதானே எடுக்கப் போறோம்னு மனசைத் தேத்திக்கிட்டேன். செவ்வாக்கிழமை ராத்திரி அம்மாவை உக்கார வெச்சு ஆன் பண்ணா, லென்ஸ் பாதி வெளிய வந்து கர்ருனு நின்னுடுச்சு. திரையில லென்ஸ் எரர்னு வருது. உள்ளயும் போகல, வெளியயும் வரல. அம்மா தலை சீவி, பூ வெச்சு உக்காந்திருந்தாங்க.

புதன்கிழமை போன் பண்ணேன். "மலிவு பேட்டரி போட்டிருப்பீங்க"ன்னாரு. புது அல்கலைன் பேட்டரி போட்டும் அதே கதை. வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு நேர்ல போனேன். "பாலாத்து மணல்ல வெச்சு எடுத்தீங்களா? மணல் பூந்தா வாரண்டி கெடையாது"ன்றாரு. பாலாத்தைப் பாலத்து மேல பஸ்ல தாண்டுனதோட சரி, மணல்ல நான் காலே வெக்கல! 4,200 ரூபாயை திருப்பிக் குடுங்கன்னேன். "ஓனர் சாயந்திரம் வருவாரு." சாயந்திரம் வரைக்கும் நின்னேன், யாரும் வரல. இன்னிக்கு காலையில இருந்து போனே எடுக்கல.

காட்பாடியில ரிப்பேர் பாக்குற ஒருத்தர்கிட்ட காட்டினேன். ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சிருக்கு, ஒண்ணு இல்லவே இல்ல. ஏற்கெனவே கீழ விழுந்து தெறந்த கேமராம்மா, உள்ள கியர் பல்லு உடஞ்சிருக்குன்னாரு. புது பார்ட் கெடைக்காது, இன்னொரு செத்த கேமராவுல இருந்துதான் எடுக்கணுமாம். பாத்ததுக்கு காசு வாங்கல, அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.

வாங்கப் போறவங்களுக்கு அவசரமா சொல்றேன். கடையிலயே பத்து தடவையாவது ஆன் ஆஃப் பண்ணுங்க, ஜூமை முழுசா போயிட்டு வர விடுங்க. வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்து, அங்கயே பெருசாக்கிப் பாருங்க. லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சா பூஞ்சை நூல் நூலா தெரியும். ஸ்க்ரூவைப் பாருங்க. பில் இல்லாம ஒரு ரூபா குடுக்காதீங்க.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுத்திருக்கேன். 5 லட்சம் வரைக்கும் நுகர்வோர் கோர்ட்டுல கட்டணம் கெடையாதாம். கையில இருக்குறது அந்தத் துண்டுச் சீட்டும் போன்ல காசு அனுப்பின ரசீதும்தான். ஞாயித்துக்கிழமை ஓ.டி. வேணாம்னு சொல்லிட்டேன். தம்பியைக் கூட்டிக்கிட்டு திரும்ப அந்தக் கடைக்குத்தான் போறேன்.