சிபில் ரிப்போர்ட்ல இருந்த தப்ப திருத்த 47 நாள் – டிஸ்பியூட் சர்வீஸ் ரிவ்யூ

ரேட்டிங்க முதல்லயே சொல்லிடுறேன். நாம கடன எப்படிக் கட்டறோம்னு கணக்கு வச்சு ரிப்போர்ட்டும் ஸ்கோரும் குடுக்கற கம்பெனிதான் கிரெடிட் பியூரோ; அதுல தப்பு இருந்தா திருத்தச் சொல்லி புகார் குடுக்கற ஆன்லைன் டிஸ்பியூட் சர்வீஸுக்கு 5க்கு 2, ரிசர்வ் பேங்க் போட்டு வச்சிருக்கற ரூலுக்கு தாராளமா 4. எந்த பியூரோ, எந்த ஃபைனான்ஸ் கம்பெனின்னு பேரு போடல, யாருக்கு வேணா எங்க வேணா நடக்கற விஷயம்தான்.

வீடு கட்ட லோன் கேட்டு பேங்க் போயிருந்தேன். எல்லா பேப்பரும் பாத்துட்டு மேனேஜர் சார் ஸ்க்ரீன என் பக்கம் திருப்பினாரு, "பழைய பைக் லோன்ல 2,867 ரூபா ஓவர்டியூ நிக்குதே சார்"ன்னாரு, அதாவது கெடு தாண்டியும் கட்டாத பாக்கி. எனக்கு தூக்கிவாரிப் போட்டுது. அந்த லோன முடிச்சு, பாக்கி இல்லன்னு குடுக்கற என்ஓசி லெட்டர் வாங்கி, ஆர்டிஓ ஆபீஸ்ல ஹெச்பி (வண்டி மேல கடன் இருக்குங்கற பதிவு) கேன்சல் பண்ணி ஆர்சி புக்கே கைக்கு வந்தாச்சு, வண்டியையும் வித்தாச்சு. கடைசி இஎம்ஐய மட்டும் அவங்க கவுன்டர்ல கேஷா கட்டினேன், அது அவங்க சிஸ்டத்துல ஏறவே இல்ல.

வீட்டுக்கு வந்து ஃப்ரீ ரிப்போர்ட் எடுத்தேன். நம்ம ஊர்ல எல்லாத்தையும் சிபில்னுதான் சொல்றோம், ஆனா இந்தியால சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க்னு நாலு கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு தடவ ஸ்கோரோட முழு ரிப்போர்ட்ட சும்மா குடுத்தே ஆகணும். நான் போன சைட்ல அந்த ஃப்ரீ லிங்க்க தேடிக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆச்சு, அதுக்குள்ள மாசச் சந்தா கட்டச் சொல்லி மூணு இடத்துல கேட்டுட்டாங்க. இதுக்கே ஒரு ஸ்டார் கொறச்சேன்.

ரிப்போர்ட்ல மாசத்துக்கு ஒரு சின்ன கட்டம் இருக்கும், கட்ட எத்தன நாள் லேட்டுன்னு அதுல போடுவாங்க, கரெக்டா கட்டியிருந்தா 000. எனக்கு வரிசையா 000, 000ன்னு வந்துட்டு கடைசில 030, 061, 091ன்னு ஏறிட்டே போகுது. ஒரு தவணை கூட தள்ளிப் போடாம கட்டினவனுக்கு அந்தக் கட்டத்தப் பாத்தா வயிறு எரியும்.

மார்ச் 3ஆம் தேதி டிஸ்பியூட் போட்டேன். போடறது ஈஸி, எந்த அக்கவுன்ட், அதுல எந்த விவரம் தப்புன்னு செலக்ட் பண்ணா ஒரு நம்பர் வரும். அந்த நம்பரையும் தேதியையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க, புகார தீர்க்க அவங்களுக்கு இருக்கற 30 நாள் கணக்கு அங்கதான் ஆரம்பிக்குது. பெரிய குறை என்னன்னா என்ஓசிய அப்லோட் பண்ண நான் பாத்த ஃபார்ம்ல இடமே இல்ல. பியூரோ தானா எதையும் மாத்தாது, கடன் குடுத்தவங்க ஒத்துக்கிட்டாதான் மாத்தும். அதனால அம்மா பீரோல பட்டுப்புடவைக்கு அடியில கவர்ல பத்திரமா வச்சிருந்த என்ஓசிய எடுத்து ஸ்கேன் பண்ணி அன்னிக்கே ஃபைனான்ஸ் கம்பெனில புகார கவனிக்கற நோடல் ஆபீசருக்கு தனியா மெயில் போட்டேன். இத மட்டும் யாரும் விட்டுடாதீங்க, ரெண்டு பக்கமும் போடணும்.

அப்புறம் ஒரு மாசம் ஸ்டேட்டஸ்ல "பெண்டிங்" மட்டும்தான். கஸ்டமர் கேர்ல போன் பண்ணா "லெண்டர்கிட்ட இருந்து பதில் வரல சார், வெயிட் பண்ணுங்க"ன்னு அதே பதில்.

இங்கதான் ரூல் கை குடுத்துச்சு. 2023 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் ஒரு சர்க்குலர் போட்டாங்க, 2024 ஏப்ரல் கடைசில நடைமுறைக்கு வந்துச்சு. புகார் குடுத்து 30 நாளுக்குள்ள தீர்க்கலன்னா அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா நமக்கு குடுக்கணும். 21 நாளுக்குள்ள கடன் குடுத்தவங்க சரியான விவரத்த பியூரோவுக்கு அனுப்பலன்னா அவங்க தலையில விழும், அவங்க அனுப்பியும் பியூரோ இழுத்தடிச்சா பியூரோ தலையில. ஆனா ஸ்கோர் கம்மியா இருக்குன்னு மட்டும் புகார் குடுத்தா இந்தக் காசு கிடைக்காது, விவரம் தப்பா இருக்கணும்.

31ஆவது நாள் இத எழுதி, இனிமே பதில் இல்லன்னா பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனி மேல வர்ற புகார விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஒம்புட்ஸ்மேன்கிட்ட போவேன்னு மெயில் போட்டேன். 2022 செப்டம்பர்ல இருந்து பியூரோக்களும் ஒம்புட்ஸ்மேனுக்கு கீழதான் வருது, சிஎம்எஸ்ங்கற ரிசர்வ் பேங்க்கோட புகார் வெப்சைட்ல ஒரு பைசா செலவில்லாம புகார் குடுக்கலாம், சந்தேகம்னா 14448க்கு கூப்பிடலாம். நான் அது வரைக்கும் போக வேண்டி வரல. அடுத்த வாரமே ஃபைனான்ஸ் கம்பெனில இருந்து ஒரு அம்மா போன் பண்ணி என்ஓசிய திரும்ப அனுப்பச் சொன்னாங்க, ஏப்ரல் 19 அக்கவுன்ட் "க்ளோஸ்டு"ன்னு மாறிடுச்சு, ஓவர்டியூ ஜீரோ.

17 நாளுக்கு 1,700 ரூபா. தீர்த்து 5 வொர்க்கிங் டேல தானா வரணும், வரல, இன்னொரு மெயில் போட்டப்புறம் அக்கவுன்ட்ல ஏறுச்சு. தொகை சின்னதுதான், ஆனா என் காச நான் கட்டினேன்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

இடையில "சிபில் க்ளியர் பண்ணித் தரோம், 6,000 குடுங்க"ன்னு ஒரு ஏஜென்ட் வேற வந்தாரு. தயவுசெஞ்சு குடுக்காதீங்க, அவங்க போடறதும் இதே டிஸ்பியூட்தான், அது நமக்கு இலவசம்.

ஒரு பியூரோல சரியாச்சுன்னு விட்டுடவும் கூடாது. மீதி மூணுலயும் ரிப்போர்ட் எடுத்தேன், ஒண்ணுல இன்னும் அதே 2,867 நிக்குது. நேத்து டிஸ்பியூட் போட்டாச்சு, நம்பர் வந்துடுச்சு, மெயிலும் போட்டாச்சு.