போர்ட் லூயிஸ் வெக்கையில் ஒரு மெல்லிய தாள்: ஹனிவெல் பி.டி.எம். 7950 மதிப்புரை

தைப்பூசக் காவடி முடிந்த மறுவாரம் எங்கள் வீட்டில் யாரும் என் அறைப் பக்கம் வருவதில்லை. கோயிலில் மூன்று கேமராக்கள் எடுத்த பதிவுகளை வெட்டிக் கோத்துக் காணொளியாக்கும் வேலை அப்போதுதான் நடக்கும். கணினி காலையிலிருந்து இரவுவரை முழுச் சுமையில் ஓடும். மொரிசியஸில் ஆண்டின் மிக வெக்கையான நாட்களும் அவையே. குளிர்சாதனம் இல்லாத என் அறையில் பிற்பகல் 31 டிகிரி என்பது சாதாரணம். கணினியில் இருப்பது 12 கருக்கள் கொண்ட ரைசன் 9 5900எக்ஸ் செயலி. பெட்டியில் 105 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் முழுச் சுமையில் அது 142 வாட் வரை இழுக்கும். கட்டைவிரல் நகத்தளவே உள்ள சில்லுகளிலிருந்து வெளிவரும் அந்த வெப்பத்தை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால், 90 டிகிரியில் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; ஒரு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாகும்.

முதலில் இந்தக் கணினியில் நான் பொருத்தியிருந்தது ஒரு மூடிய திரவக் குளிர்விப்பான். அதன் பெயர் இங்கே தேவையில்லை. இரண்டு ஆண்டுகள் நன்றாக உழைத்த பின் அதன் பம்பு வண்டு முரல்வதுபோல் ஒலிக்கத் தொடங்கி, மூன்றாம் ஆண்டின் காவடி வாரத்திலேயே நின்றுபோனது. இத்தகைய கருவிகளில் திரவம் ரப்பர்க் குழாய்ச் சுவர்களின் வழியே ஆண்டுக்கணக்கில் மிக மெதுவாகக் கசிந்து ஆவியாகும்; குறைந்ததை நிரப்பப் பெரும்பாலானவற்றில் வழியும் கிடையாது. தீவில் உடனடியாக மாற்று கிடைக்காமல் இரண்டு வாரம் காத்திருந்தபோது, விசிறியைத் தவிர அசையும் உறுப்பு ஏதும் இல்லாத கருவியைத்தான் இனி வாங்குவது என்று முடிவு செய்தேன். அப்படி வந்தது நாக்டுவா என்.எச். டி15 என்னும் காற்றுக் குளிர்விப்பான்: இரட்டைக் கோபுர அமைப்பு, ஆறு வெப்பக் குழாய்கள், 140 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு. வெப்பக் குழாய் புதுமையன்று. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கியது. குழாய்க்குள் அடைபட்ட சிறிதளவு நீர் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் நீராகித் திரும்பும். பம்பு இல்லாமலே சுழற்சி நடக்கிறது.

இந்த மதிப்புரை அக்குளிர்விப்பானைப் பற்றியதன்று. அதற்கும் செயலியின் உலோக மூடிக்கும் நடுவே இருக்கும் கால் மில்லிமீட்டர் தாளைப் பற்றியது.

இரு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் அவற்றிடையே நுண்ணிய குழிகள் உண்டு. அவற்றில் தங்கும் காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். அந்தக் குழிகளை நிரப்பவே தெர்மல் பேஸ்ட் எனப்படும் பசையைத் தடவுகிறோம். சிக்கல் பின்னால்தான் வரும். செயலி சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் உலோகங்கள் மிகச் சிறிதளவு விரிந்து சுருங்கும். அந்த அசைவு பசையை நடுவிலிருந்து விளிம்புக்குத் தள்ளும். முதல் நாள் 80 டிகிரி காட்டிய என் கணினி, பசை தடவி ஓராண்டு ஆனபோது அதே சோதனையில் 87 காட்டியது. திறந்து பார்த்தால் மூடியின் நடுப்பகுதி ஏறக்குறைய வெறுமையாக இருந்தது.

ஹனிவெல் நிறுவனத்தின் பி.டி.எம். 7950 இதற்கு வேறு வழி காண்கிறது. அறை வெப்பநிலையில் அது திண்மமான சாம்பல் நிறத் தாள். ஏறத்தாழ 45 டிகிரியைத் தாண்டும்போது இளகி, குளிர்விப்பானின் அழுத்தத்தில் குழிகளுக்குள் பரவி, மிக மெல்லிய படலமாகிறது. ஆறியதும் இறுகிவிடும். உருகிய நிலையிலும் அது கெட்டியாக இருப்பதால் விளிம்புக்கு வழிந்து ஓடுவதில்லை. அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர் கெல்வினுக்கு 8.5 வாட். பசை விளம்பரங்களில் இதைவிடப் பெரிய எண்களைக் காணலாம். ஆனால் படலம் எவ்வளவு மெல்லியதாக அமைகிறது என்பதும், அது எத்தனை மாதம் அப்படியே இருக்கிறது என்பதும் அந்த எண்ணில் தெரியாது.

ஒட்டுவதில்தான் நம் ஊருக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. தாளின் இரு புறமும் பாதுகாப்புப் படலம் உண்டு. வெக்கையில் தாள் மென்மையாகிப் படலத்தோடு சேர்ந்து உரிந்து வரும் என்பதால், கால் மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தபின் உரிக்குமாறு அனுபவம் உள்ளோர் சொல்வார்கள். நானும் அப்படியே செய்து, வெளியே எடுத்த மறுகணம் படலத்தை உரித்தேன். தாளின்மேல் பனித்துளிகள் முத்துமுத்தாகக் கோத்தன. 31 டிகிரி வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில், 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். குளிர்ந்த நீர்ச் சொம்பை மேசையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் துண்டை வீணாக்கியது என் அவசரம். இரண்டாம் துண்டை மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு வைத்துக் குளிரவிட்டு, அதிகாலையில், அறை சற்றே குளிர்ந்திருந்த வேளையில் ஒட்டினேன். சுளையாக உரிந்து வந்தது.

முதல் மணி நேரத்தில் ஏமாற்றமே. செயலியை முழுச் சுமையில் வேலை வாங்கும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை 30 நிமிடம் ஓட்டியபோது 83 டிகிரி. புதிய பசையைவிட மோசம். தாள் முழுமையாகப் பரவப் பல முறை சூடேறி ஆற வேண்டும். ஒரு வாரம் வழக்கமான வேலைக்குப் பின் அதே அறை வெப்பத்தில் 79 வந்தது. புதிய பசையோடு ஒப்பிட்டால் ஒரு டிகிரிதான் ஆதாயம். இதற்காக மட்டும் யாரும் மாற வேண்டியதில்லை. ஆனால் 14 மாதங்களும் இரண்டு காவடிகளும் கடந்து சென்ற வாரம் மீண்டும் அளந்தேன். 79 டிகிரியே. நான் பணம் கொடுத்தது இந்த அசையாத எண்ணுக்குத்தான்.

இதைவிடப் புதுமையானவை இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன, நம் சூழலுக்கு எது பொருந்தும் என்பதே கேள்வி. மின்சாரம் பாய்ந்தால் ஒரு புறம் குளிர்ந்து மறுபுறம் சூடாகும் பெல்டியே தகட்டால் செயலியை அறை வெப்பத்துக்கும் கீழே குளிர்விக்கும் கிரையோ தொழில்நுட்பத்தை இன்டெல் 2020இல் கொண்டுவந்து 2023இல் கைவிட்டது. மேலே சொன்ன பனித்துளிக் கணக்கைப் பார்த்தால், இந்தத் தீவில் அதை இயக்குவது மின்சுற்றுப் பலகையின்மேல் நீர் தெளிப்பதற்குச் சமம். நீர் படியாத அளவுக்கு மட்டும் குளிர்வித்தால் கிடைக்கும் பயனோ, அது தின்னும் மின்சாரத்துக்குக் காணாது. காலியம் கலந்த திரவ உலோகம் எந்தப் பசையையும் விஞ்சும். சோனி 2020இல் பிளேஸ்டேஷன் 5இல் அதைத் தகுந்த அடைப்போடு பயன்படுத்தியது. ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். வீட்டில் கை நடுங்காமல் தடவ எனக்குத் துணிவில்லை. ஃபுரோர் நிறுவனத்தின் ஏர்ஜெட் மினி உண்மையிலேயே வியப்புக்குரியது: 2.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள சில்லுக்குள் அதிரும் நுண்சவ்வுகள் விசிறியே இல்லாமல் காற்றைப் பாய்ச்சுகின்றன. ஆயினும் ஒன்று வெளியேற்றுவது 5.25 வாட் வெப்பம். மெலிந்த மடிக்கணினிக்கு உகந்தது. என் 142 வாட்டுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, போலிகள். இணையச் சந்தையில் மிக மலிவாக நான் முதலில் வாங்கிய தாள், 70 டிகிரியிலும் இளகாமல் ரப்பர்த் துண்டுபோல் இருந்தது. நம்பகமான விற்பனையாளரிடம் அஞ்சல் செலவோடு சுமார் 900 மொரிசியஸ் ரூபாய் ஆனது. அதில் சில துண்டுகளுக்குப் போதுமான தாள் கிடைத்தது. இரண்டாவது, கழற்றும் முறை. என்னுடையதைப் போன்ற ஏ.எம்.4 வகைச் செயலியின் அடியில் 1331 ஊசிகள் உள்ளன. இறுகிய தாளோடு குளிர்விப்பானை வெடுக்கென்று மேலே இழுத்தால், செயலியும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையக்கூடும். கணினியைக் கால் மணி நேரம் கடும் வேலையில் ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கியபின், ஆறுவதற்குள் குளிர்விப்பானை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

அடிக்கடி குளிர்விப்பானைக் கழற்றி மாட்டிப் பார்ப்பவர்களுக்கு இத்தாள் ஏற்றதல்ல; ஒவ்வொரு முறையும் புதிய துண்டு வேண்டும். நினைவகச் சில்லுகளின்மேல் இருக்கும் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள பஞ்சுத் தகடுகளுக்கும் இது மாற்றாகாது, அந்த இடைவெளியை இதனால் நிரப்ப இயலாது.

மிஞ்சிய துண்டை எடுத்துக்கொண்டு கியூர்பிப்பில் இருக்கும் அக்கா மகனின் மடிக்கணினியைப் பார்க்கப் போனேன். சுமார் 550 மீட்டர் உயரத்தில், எங்களைவிடச் சில டிகிரி குளிர்ந்த ஊரில் இருந்தும் அது கொதிப்பதாகக் குறைப்பட்டிருந்தான். பின்மூடியைத் திறந்தால் விசிறிக்கும் வெப்பம் வெளியேற்றும் உலோகச் செதில்களுக்கும் நடுவே ஈரம் கோத்த தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. தூரிகையால் அதை நீக்கியதும் கணினி அமைதியாகிவிட்டது. தாளை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.