பதகளிப்புக்கு நிறைவு, நாணத்துக்குக் குறை: வெள்ளவத்தையில் ஓர் உளவியல் வகுப்பு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இயங்கும் தனியார் கல்வி நிலையமொன்று, குற்றவுணர்வு, நாணம், பதகளிப்பு ஆகியவற்றின் பரிணாமத் தோற்றம் பற்றி மூன்று சனிக்கிழமை மாலைகளில் தமிழில் நடத்திய வகுப்பை அண்மையில் முடித்தேன். கட்டணம் 6,000 ரூபா.

பதகளிப்புப் பற்றிய முதல் வகுப்புக்கே அந்தப் பணம் தகும். விரிவுரையாளர் புகையுணர் கருவியொன்றை மேசைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அதன் கீழே ஊதுபத்தியைக் காட்டினார். அது அலறிய அலறலில் பக்கத்து அறையில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தார்கள். தொடர்மாடி வீட்டில் செத்தல் மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் கத்தும் இந்தக் கருவியை நாம் திட்டினாலும், வீடு உண்மையாகவே பற்றியெரியும் நாளில் அது வாய்மூடி இருப்பதைவிட வீணாக நூறுமுறை கத்துவது மேல் என்றார். அமெரிக்க உளமருத்துவர் ரண்டோல்ப் நெஸி பதகளிப்பை விளக்கக் கையாண்ட உவமை இது. புதரை அசைத்தது காற்றா சிறுத்தையா என்று தெரியாதபோது, ஓடியவன் இழப்பது சிறிது சக்தியை மட்டுமே. நின்றவன் இழக்கக்கூடியது உயிரை. ஆகவே, எளிதில் பதறும் உடல்களே அதிகம் பிழைத்துச் சந்ததியை விட்டுச் சென்றன. காரியாலய மின்னஞ்சலைத் திறக்குமுன் படபடக்கும் என் நெஞ்சை நினைத்துக்கொண்டேன்.

குற்றவுணர்வுக்கு ஒதுக்கிய நேரம் குறைவு என்றாலும், சொன்னது தெளிவு. உதவிக்கு உதவி என்று வாழும் கூட்டத்தில் ஏமாற்றியவன், உறவு முறியுமுன் தவற்றை ஈடுசெய்ய அந்த உணர்வு தூண்டுகிறது என்பது பரிணாம உயிரியலாளர் ரொபர்ட் டிரிவர்ஸ் 1971இல் முன்வைத்த கருத்து.

நாணம் பற்றிய வகுப்புத்தான் ஏமாற்றம். முகம் சிவப்பது பற்றி டார்வின் 1872இல் எழுதியதை விரிவுரையாளர் விளக்கிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், "சேர், எங்கட நிறத்துக்கு முகம் சிவக்கிறது எங்க தெரியப்போகுது?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். டார்வினே அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, கருமையான தோலிலும் முகத்துக்குக் குருதி பாய்கிறது, கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம் என்று ஆராய்ந்திருக்கிறார். அதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

அச்சிட்டுத் தந்த குறிப்புகளில் எல்லாவற்றுக்கும் "வெட்கம்" என்ற ஒரே சொல்லைப் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. மணப்பெண் தலைகுனிவதும் களவில் பிடிபட்டவன் தலைகுனிவதும் ஒன்றல்ல என்பதை வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் முதற்குறளிலேயே பிரித்துக் காட்டியிருக்க, தமிழில் நடக்கும் வகுப்பொன்று அதைத் தவறவிடலாமா? குழுவினர் தன்னை மதிப்புக் குறைத்து ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சமே இங்கே பேசுபொருள். அதற்கு "அவமானம்" நெருங்கி வரும்.

அடுத்த தொகுதிக்குச் சேர்பவர்கள் முன்வரிசையில் இடம் பிடிப்பது நல்லது. ரயில் கடக்கும்போது விரிவுரையாளர் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறார். ஆனால் பின்வரிசையின் குளிரூட்டி இரைச்சலுக்கு அவரிடம் மருந்தில்லை.