கல்மண்டபம் பக்கத்து ஆட்டோ டாப் கடையும் என் ஜிப்சியின் கீச்சு சத்தமும்

என் வண்டி 2009 மாடல் மாருதி ஜிப்சி, ரெக்சின் டாப். தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூருக்கு தினமும் எக்ஸ்பிரஸ் ரோட்டில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். கன்டெய்னர் லாரிகள் உழுது போட்ட ரோடு. ஜிப்சிக்கோ நாலு சக்கரத்துக்கும் பிளேட் ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்த அடி நேராக டாப் கம்பிக்குப் போய்ச் சேரும். பின்னாலிருந்து கீச்சு கீச்சென்று ஒன்று, தலைக்கு மேலே டக்கு டக்கென்று ஒன்று. "எலி குடும்பம் நடத்துது"ன்னு என் மனைவி சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தே பார்த்துவிட்டாள்.

முதலில் போனது ஒரு பெரிய ஆக்சசரீஸ் கடை. ஏசி ரூம், காபி எல்லாம் உண்டு. வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "டாப்பையே மாத்திடுங்க சார், இருபத்திரண்டாயிரம் ஆகும்" என்றார்கள். கடுப்பில் வீட்டுக்கு வந்து, சத்தம் வந்த இடமெல்லாம் நானே இன்ஜின் ஆயில் தடவினேன். மூணு நாள் நிம்மதி. அப்புறம் கதவு ரப்பர் ஊதி, பிசுபிசுத்து, ரோட்டு மண் மொத்தமும் அதில் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெயில் போட்ட ரப்பர் ஊதும் என்று சின்ன வயசிலேயே தெரியும். ஆனாலும் செய்தேன்.

ஆட்டோ ஓட்டும் நண்பர் சொல்லித்தான் ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துச் சந்தில் இருக்கும் இந்தக் கடைக்குப் போனேன். போர்டு கிடையாது. ஒரு தையல் மெஷின், மேலே தொங்கும் ஆட்டோ ஹூடுகள், அவ்வளவுதான். காலையில் போனதற்கு பாய் திருப்பி அனுப்பிவிட்டார். "மத்தியானம் வாங்க. வெயில்ல ரெக்சின் தளர்ந்தாதான் எது ஆடுதுன்னு தெரியும்." ஆளை எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது.

ரெண்டு மணிக்கு என்னை ஓட்டச் சொல்லிவிட்டு அவர் பின்னால் உட்கார்ந்தார். ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கம்பியில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டார். டாக்டர் ஸ்டெத் வைக்கிற மாதிரியே. "மெதுவா... பள்ளத்துல எறக்குங்க... நிறுத்துங்க." கம்பி வளைவில் ஒரு இடத்தில் வேஸ்ட் துணியைச் சுற்றி மறுபடி ஓட்டச் சொன்னார். கீச்சு இல்லை. துணியை உருவினார், வந்துவிட்டது. "ரெக்சின் கத்தல சார், கம்பிதான் கத்துது. வாரு உரசி உரசி பெயின்ட் போய்டுச்சு."

அந்த இடத்தைத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு கம்பளித் துணிப் பட்டை சுற்றித் தைத்தார். பழைய ஸ்வெட்டர் அது. ராயபுரத்தில் ஸ்வெட்டருக்கு எங்கே போனார் என்று கேட்க மறந்துவிட்டேன். டக்கு டக்குக்குக் காரணம் கம்பி மூட்டில் தேய்ந்து போன வாஷர், புதுசு அஞ்சு ரூபாய். பின் பிளாஸ்டிக் ஜன்னல் படபடத்த இடத்தில் ரெண்டு டிச் பட்டன் கூடுதலாக அடித்தார். கடல் காத்துக்கு இரும்பு பட்டன் தாங்காது என்று பித்தளையில்தான் போட்டார். நான் கெடுத்து வைத்த கதவு ரப்பரை சோப்புத் தண்ணியில் கழுவி, பஞ்சர் கடையில் டியூபுக்குப் போடும் வெள்ளைப் பவுடரைத் தடவினார். எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய்.

குறை இல்லாமல் இல்லை. கறுப்பு டாப்பில் பிரவுன் நூல் போட்டுவிட்டார். கேட்டால் "மேல ஏறி யாரு பாக்கப் போறா" என்கிறார். பவுடர் ஒரே மழையில் போய்விட்டது, இப்போது நானே சிலிக்கான் கிரீஸ் தடவுகிறேன். கம்பளி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், மழைக்குப் பிறகு டாப்பைத் திறந்து வெயிலில் காயவிட வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் ரெட் ஆக்சைடு அடித்தும் துரு பிடிக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை பூட்டியிருக்கும், நிழல் கிடையாது, கார்டு வாங்க மாட்டார்.

நாலு மாசம் ஆச்சு. டாப்பில் சத்தம் இல்லை. டோல்கேட் தாண்டினதும் பின்னால் ஒரு கடகடா மட்டும் இன்னும் வருது. போன வாரம் பாயிடம் காட்டினேன். ஸ்டெப்னியை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "இது இரும்புக் கடை வேல சார், நம்மளுது இல்ல" என்று மெஷினை மிதிக்கப் போய்விட்டார்.